புது கம்ப்யூட்டரில் அண்ணன் ஃபைல் திறக்கிறது, என் ஃபைல் திறக்க மாட்டேன் என்கிறது

தங்கச்சிமடம்_ஸ்டுடியோ | திங்கள் இரவு 10.12

எல்லோருக்கும் வணக்கம். நானும் அண்ணனும் தங்கச்சிமடத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறோம். கடையிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம், வினையே அதுதான். எட்டு வருடம் ஓடிய டெஸ்க்டாப் போன வாரம் அடங்கிவிட்டது. ராமநாதபுரத்தில் கொண்டுபோய்க் காட்டினால் மதர்போர்டு முழுக்கப் பச்சை பூத்திருக்கிறது, ராம் சொருகும் இடத்தில் துரு. "உப்புக்காற்று தின்ற போர்டு தம்பி, டிஸ்க் பிழைத்ததே பெரிசு" என்று ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார்.

புது மெஷின் வாங்கி லினக்ஸ் மின்ட் போட்டேன். பழையதிலும் மின்ட்தான். பழைய 2 டிபி டிஸ்க்கை யுஎஸ்பி கேஸில் போட்டுச் செருகினேன். படங்கள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் கூத்தைப் பாருங்கள்: அண்ணன் ஃபோல்டர் அப்படியே திறக்கிறது, அவர் படத்தை அழிக்கக்கூட முடிகிறது. என்னுடைய ஃபோல்டரில் மட்டும் பூட்டுப் படம். மீன்பிடித் தடைக்காலத்தில் எடுத்த மூன்று கல்யாணம் அதற்குள்தான் இருக்கிறது. ஆல்பம் எங்கே என்று இரண்டு வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது.

இன்னொரு விசித்திரம். புது மெஷினில் நான் இன்னும் எதையுமே அழிக்கவில்லை. ஆனால் குப்பைத்தொட்டியைத் திறந்தால் ஆயிரக்கணக்கில் படங்கள் கிடக்கின்றன!

சூடோ (அட்மின் உரிமையில் கட்டளை ஓட்டுவது) போட்டு எல்லாவற்றுக்கும் 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) கொடுத்துவிடலாமா? யூடியூபில் ஒருவர் அப்படித்தான் சொல்கிறார்.

---

பாம்பன்_பையன் | திங்கள் இரவு 10.20

கொடுங்கண்ணே. சூடோ சிஎச்மாட் -ஆர் 777. நான் எப்போதும் அதுதான் அடிப்பேன். ஒரே வரி, வேலை முடிந்தது.

---

மண்டபம்_ரிட்டயர்டு | திங்கள் இரவு 10.41

ஸ்டுடியோ தம்பி, கையை எடுங்கள். 777 கொடுத்தால் திறக்கும், அதில் சந்தேகமே இல்லை. வீட்டுச் சாவி தொலைந்ததற்குக் கதவைக் கழற்றி வைத்தாலும் உள்ளே போகலாம்தான்.

முதலில் பார்ப்போம், அப்புறம் தொடுவோம். டெர்மினலில் அந்த டிஸ்க்குக்குள் போய் எல்எஸ் -எல்என் என்று அடித்து வருவதை இங்கே போடுங்கள். (நான் போனில் தமிழ் விசைப்பலகையில் எழுதுகிறேன், கட்டளைகளை வாயால் சொல்கிற மாதிரிதான் வரும். மெஷினில் ஆங்கிலத்தில் அடியுங்கள்.) அந்தக் கடைசி "என்" முக்கியம். அது இல்லாவிட்டால் பெயரைக் காட்டும், இருந்தால் எண்ணைக் காட்டும். உங்கள் நோய் எண்ணில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

---

தங்கச்சிமடம்_ஸ்டுடியோ | திங்கள் இரவு 11.03

போட்டேன் சார். இரண்டு வரிதான் முக்கியம்.

அண்ணன் ஃபோல்டர்: முதலில் டி, பிறகு ஆர்டபிள்யூஎக்ஸ், ஆர்-எக்ஸ், ஆர்-எக்ஸ். அடுத்து 1000 1000.

என் ஃபோல்டர்: டி, ஆர்டபிள்யூஎக்ஸ், அப்புறம் வெறும் ஆறு கோடு. அடுத்து 1001 1001.

"என்" இல்லாமல் அடித்துப் பார்த்தேன். அண்ணன் ஃபோல்டருக்கு நேரே *என்* பெயர் வருகிறது. என் ஃபோல்டருக்கு நேரே பெயரே இல்லை, 1001 என்று மொட்டையாக நிற்கிறது. அந்த ஆறு கோடு ஏன் என்று தெரியும். அண்ணன் பிள்ளைகள் கடைக்கு வந்தால் மவுசைப் பிடித்து எதையாவது அழித்துவிடுவார்கள், அதனால் நான் மட்டும் திறக்கிற மாதிரி ஒரு நாள் நானே மூடி வைத்தேன்.

---

மண்டபம்_ரிட்டயர்டு | திங்கள் இரவு 11.30

நினைத்தபடியே. பழைய மெஷினில் மின்ட் போட்டபோது முதல் கணக்கு அண்ணன் பெயரில், இரண்டாவது உங்கள் பெயரில், சரிதானே?

உங்கள் படகுத்துறையில் நிற்கிற விசைப்படகை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பில் மாதா பெயரோ மகள் பெயரோ பெரிதாக எழுதியிருக்கும். நாளைக்கே பெயிண்ட் அடித்து மாற்றலாம். ஆனால் மீன்துறை டோக்கன் கொடுக்கும்போது பார்ப்பது ஐஎன்டி-டிஎன்-10-எம்எம் என்று தொடங்கும் நம்பரைத்தான். லினக்ஸும் அப்படியே. டிஸ்க்கில் ஒவ்வொரு ஃபைலுக்கும் உரிமையாளர் *எண்* மட்டுமே எழுதியிருக்கும், பெயர் எழுதியிருக்காது. எந்த எண் யாருடையது என்கிற பதிவேடு தனி: ஈடிசி ஃபோல்டரில் பாஸ்வேர்டு என்கிற அர்த்தத்தில் பாஸ்டபிள்யூடி என்று ஒரு ஃபைல். அது மெஷினோடு இருப்பது, டிஸ்க்கோடு வராது.

மின்ட், உபுண்டு, டெபியன் எல்லாவற்றிலும் முதல் ஆளுக்கு 1000, அடுத்தவருக்கு 1001. பழைய மெஷினில் அண்ணன் 1000, நீங்கள் 1001. புது மெஷினை நீங்களே நிறுவினீர்கள், அதனால் இங்கே 1000 நீங்கள். டிஸ்க்கைச் செருகியதும் மெஷின் பதிவேட்டைப் பார்த்தது. 1000 என்றால் நீங்கள், ஆகவே அண்ணன் படங்கள் உங்களுடையவை ஆகிவிட்டன. 1001 என்றால் அப்படி யாரும் இல்லை, ஆகவே உங்கள் படங்கள் அனாதை.

இதில் கெட்டுப்போனது எதுவுமே இல்லை. புதிதாக யாரும் எதையும் பூட்டவில்லை. பதிவேடுதான் மாறியிருக்கிறது.

எதையும் மாற்றுவதற்கு முன்னால் இப்போதைய நிலையைப் பட்டியலாக எடுத்து வையுங்கள். டிஸ்க்கின் மேல் ஃபோல்டரில் நின்று: சூடோ கெட்ஃபாக்ல் -ஆர் -என் புள்ளி, பிறகு பெரிது குறி போட்டு உங்கள் ஹோமில் ஒரு ஃபைலுக்குள். ஒவ்வொரு ஃபைலுக்கும் பெயர், உரிமையாளர் எண், குழு எண், மூன்று அனுமதி என்று வரிசையாக எழுதி வைத்துவிடும். படம் பிரதி ஆகாது, உரிமை விவரம் மட்டும்தான். சில நிமிடம் ஆகும். இதைச் செய்யாமல் அடுத்த வரியைப் படிக்காதீர்கள்.

செய்துவிட்டீர்களா? சரி. மாற்றும் கட்டளை சிஎச்ஓன். அதில் ஃப்ரம் என்று ஒரு வசதி உண்டு, "இன்ன எண்ணுக்குச் சொந்தமானதை மட்டும் மாற்று" என்று சொல்ல. நாளைக் காலையில் விரிவாக எழுதுகிறேன், இங்கே கரண்ட் போய்ப் போய் வருகிறது.

---

கீழக்கரை_டிராவல்ஸ் | செவ்வாய் காலை 7.15

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கும் ஏறக்குறைய இதே கதை, ஆனால் விண்டோஸ். ஆபீஸ் பழைய கம்ப்யூட்டரின் டிஸ்க்கைப் புதியதில் மாட்டினேன். டிக்கெட் கணக்கு ஃபோல்டரைத் திறந்தால் அனுமதி இல்லை என்கிறது. ப்ராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி பார்த்தால் உரிமையாளர் இடத்தில் "அன்னோன் அக்கவுண்ட்" என்று போட்டு எஸ்-1-5-21 என்று தொடங்கி ஒரு முழ நீளத்துக்கு எண். வைரஸா?

---

மண்டபம்_ரிட்டயர்டு | செவ்வாய் காலை 8.02

வைரஸ் இல்லை பாய். அதே படகு நம்பர்தான், விண்டோஸில் கொஞ்சம் நீளம். அதற்கு எஸ்ஐடி என்று பெயர். லினக்ஸில் எல்லா ஊரிலும் முதல் ஆள் 1000. விண்டோஸ் ஒவ்வொரு நிறுவலிலும் அந்த மெஷினுக்கென்று புது எண் உருவாக்கி, அதன் வாலில் ஆளுக்கு ஒரு எண் சேர்க்கும். அதனால் புது விண்டோஸில் அதே பெயர், அதே பாஸ்வேர்டு வைத்தாலும் நீங்கள் வேறு ஆள். ஒரு விதத்தில் இதுவும் நல்லதுதான், ஸ்டுடியோ தம்பிக்கு நேர்ந்த மாதிரி ஒருத்தர் சொத்து இன்னொருத்தர் பெயரில் தானாக விழாது.

கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள். முதலில் டேக்ஓன், அதோடு /எஃப் போட்டு ஃபோல்டர், பிறகு /ஆர் /டி ஒய். இது உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றும். உரிமை வந்தாலும் படிக்கும் அனுமதி தனியாகத் தர வேண்டும்: ஐகாக்ல்ஸ், ஃபோல்டர், /கிரான்ட், உங்கள் பெயர், முழு அனுமதிக்கு எஃப், உள்ளே இருப்பதற்கெல்லாம் சேர்த்து /டி. பலர் முதல் கட்டளையோடு நின்றுவிட்டு "வேலை செய்யவில்லை" என்பார்கள்.

உங்கள் கணக்கு ஃபோல்டருக்கு மட்டும் செய்யுங்கள். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டர் மேல் இதை ஏவிவிட்டால் அப்டேட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் படுக்கும்.

ஒரு கேள்வி: அந்த ஃபைல்களை எப்போதாவது "என்கிரிப்ட்" டிக் போட்டு வைத்தீர்களா?

---

கீழக்கரை_டிராவல்ஸ் | செவ்வாய் காலை 9.40

டேக்ஓன், ஐகாக்ல்ஸ் இரண்டும் அடித்தேன், திறந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். பாஸ்போர்ட் ஸ்கேன் வைத்திருந்த ஒரு ஃபோல்டர் மட்டும் இன்னும் அடம்பிடிக்கிறது. அதில் டிக் போட்டிருந்தேன், இப்போதுதான் நினைவு வருகிறது.

---

மண்டபம்_ரிட்டயர்டு | செவ்வாய் காலை 9.58

அப்படியென்றால் அதை உரிமை மாற்றித் திறக்க முடியாது. அந்த டிக் ஃபைலையே மறைகுறியாக்கிவிடும், சாவி பழைய விண்டோஸ் கணக்கின் சான்றிதழில் இருக்கும். அந்தச் சான்றிதழைப் பிஎஃப்எக்ஸ் ஃபைலாக ஏற்றுமதி செய்து எங்கேயாவது வைத்திருந்தால் புது மெஷினில் இறக்கினால் திறக்கும். இல்லாவிட்டால் பழைய விண்டோஸையே அதே டிஸ்க்கிலிருந்து கிளப்பி, பழைய பாஸ்வேர்டில் நுழைந்து டிக்கை எடுக்கப் பாருங்கள். அந்த டிஸ்க்கைத் தப்பித்தவறியும் ஃபார்மேட் செய்யாதீர்கள்.

---

தொண்டி_டீச்சர் | செவ்வாய் காலை 11.25

எனக்கும் ஒரு சந்தேகம் சார். பள்ளிக்கூடத்து வினாத்தாள் எல்லாம் ஒரு வெளி டிஸ்க்கில். அது முதலில் விண்டோஸில் பயன்படுத்தியது, இப்போது வீட்டில் உபுண்டு. சிஎச்ஓன் அடித்தால் திட்டாமல் கேட்டுக்கொள்கிறது, ஆனால் எல்எஸ் போட்டுப் பார்த்தால் ஒன்றும் மாறவில்லை. பத்து தடவை அடித்துவிட்டேன். நேற்றிலிருந்து புதிதாக எதையும் சேமிக்கவும் விடவில்லை.

---

மண்டபம்_ரிட்டயர்டு | செவ்வாய் மதியம் 12.10

டீச்சர், உங்களுக்கு இரண்டு வேறு வேறு பிரச்சினை.

முதலாவது: அந்த டிஸ்க் என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் டிஸ்க்கில் ஃபைலை எழுதி வைக்கும் முறை) ஆக இருக்கும். அதில் லினக்ஸ் எண்களை எழுதி வைக்க வழக்கமாக இடம் கிடையாது. பென்டிரைவில் வரும் எக்ஸ்ஃபேட், ஃபேட்32 இன்னும் மோசம், உரிமையாளர் என்ற நினைப்பே அவற்றுக்கு இல்லை. டிஸ்க்கைச் செருகும் நேரத்தில் "இதில் இருப்பதெல்லாம் இன்னாருடையது" என்று உபுண்டு ஒரு பொது முடிவு எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். மாற்ற வேண்டுமென்றால் மவுண்ட் செய்யும்போதே (மெஷினோடு இணைக்கும்போதே) யுஐடி, ஜிஐடி என்று ஆள் எண்ணையும் குழு எண்ணையும் சொல்ல வேண்டும். சிஎச்ஓன் அங்கே தண்ணீரில் எழுதுகிற எழுத்து.

(இதனால்தான் லினக்ஸ் ஹோம் ஃபோல்டரைப் பென்டிரைவ் வழியாகப் புது மெஷினுக்குக் கொண்டுபோகாதீர்கள் என்று தலையில் அடித்துக்கொள்கிறேன். உரிமை, அனுமதி எல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடும். டார் செய்து ஒரே மூட்டையாகக் கொண்டுபோங்கள். மூட்டைக்குள் விவரம் பத்திரமாக இருக்கும்.)

இரண்டாவது: சேமிக்க விடாததற்கு அனுமதி காரணமே இல்லையென்று நினைக்கிறேன். மவுண்ட் என்று மட்டும் அடித்து அந்த டிஸ்க்கின் வரியைப் பாருங்கள். அடைப்புக்குள் ஆர்ஓ என்று இருந்தால் படிக்க மட்டும் என்று மாட்டியிருக்கிறது. கடைசியாக அதை எந்த மெஷினிலிருந்து பிடுங்கினீர்கள்?

---

தொண்டி_டீச்சர் | செவ்வாய் மதியம் 12.31

ஆர்ஓ என்றுதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பள்ளி லேப்டாப்பில் செருகினேன். ஷட்டவுன் செய்துவிட்டுத்தான் பிடுங்கினேன்.

---

மண்டபம்_ரிட்டயர்டு | செவ்வாய் மதியம் 12.40

விண்டோஸ் ஷட்டவுன் பல நேரம் முழு ஷட்டவுன் இல்லை டீச்சர். "ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்" என்று ஒன்று இயங்கினால் அது அரைத்தூக்கத்துக்குத்தான் போகிறது, மாட்டியிருந்த டிஸ்க்கையும் இன்னும் தன் கையில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். அந்த நிலையில் எழுதினால் டிஸ்க் கெடலாம் என்று லினக்ஸ் ஒதுங்கி நிற்கிறது. மறுபடி அதே லேப்டாப்பில் மாட்டி, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள், அல்லது "சேஃப்லி ரிமூவ்" கொடுத்துவிட்டுப் பிடுங்குங்கள். சரியாகிவிடும்.

---

பாம்பன்_பையன் | செவ்வாய் மாலை 4.05

சார், ஒரு சின்ன உதவி. கேட்க வெட்கமாக இருக்கிறது. போன மாதம் என் ஹோம் ஃபோல்டர் முழுக்க 777 அடித்தேன். அன்றிலிருந்து ஆபீஸ் சர்வருக்கு எஸ்எஸ்எச்சில் (தூரத்திலிருந்தே இன்னொரு மெஷினுக்குள் நுழையும் வழி) போக முடியவில்லை. சாவி ஃபைலின் அனுமதி "டூ ஓப்பன்" என்று திட்டி, சாவியைத் தொடவே மாட்டேன் என்கிறது. எந்த டெக்ஸ்ட் ஃபைலை அமுக்கினாலும் "ஓட்டட்டுமா, திறக்கட்டுமா" என்று வேறு கேட்கிறது.

---

மண்டபம்_ரிட்டயர்டு | செவ்வாய் மாலை 4.30

ஒரே வரியில் முடித்த வேலைதானே! :)

777 என்றால் ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் படிக்க 4, எழுத 2, ஓட்ட 1. ரகசியச் சாவியை எல்லோரும் படிக்கலாம் என்றால் எஸ்எஸ்எச் அதை ரகசியமாக மதிக்காது. டாட்-எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, உள்ளே சாவிக்கு 600 கொடுங்கள். உடனே போய்விடலாம்.

மற்றதற்கு: ஃபோல்டருக்கு 755, சாதா ஃபைலுக்கு 644 தர வேண்டும். இரண்டுக்கும் ஒரே எண் கொடுத்துவிடக் கூடாது. ஃபோல்டருக்கு 644 கொடுத்தால் உள்ளேயே நுழைய முடியாது, அங்கே எக்ஸ் என்பது நுழைவு அனுமதி. இதற்குப் பெரிய எக்ஸ் போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது ஏற்கெனவே ஓட்டும் அனுமதி உள்ள ஃபைலை விட்டுவிடும், உங்களுக்கோ 777 அடித்த புண்ணியத்தில் எல்லா ஃபைலுக்கும் அந்த அனுமதி இருக்கிறது. ஆகவே ஃபைண்ட் வைத்து, டைப் டி உள்ளதற்கு 755, டைப் எஃப் உள்ளதற்கு 644 என்று இரண்டு சுற்று போங்கள். அதை முடித்த *பிறகு* எஸ்எஸ்எச் சாவிக்கு 600 கொடுங்கள், இல்லாவிட்டால் மறுபடி 644 ஆகிவிடும். நீங்கள் எழுதி வைத்த ஸ்கிரிப்ட் ஏதும் இருந்தால் அதற்கு மட்டும் ஓட்டும் அனுமதியைத் திருப்பிக் கொடுங்கள்.

உங்களை மட்டும் சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு நான் வேலை பார்த்த இடத்தில், புள்ளிக்கும் சாய்கோட்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி விட்டுவிட்டேன். "இந்த ஃபோல்டர்" என்பதற்குப் பதில் "இந்த ஃபோல்டரும், அப்புறம் மொத்த மெஷினும்" என்று ஆகிவிட்டது. சிஎச்ஓன் மைனஸ் ஆர், அதாவது உள்ளே இருப்பதையெல்லாம் சேர்த்து. ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்று யோசித்துக்கொண்டே டீ குடித்தேன். திரும்பி வந்து சூடோ அடித்தால், "என் உரிமையாளர் ரூட் (மெஷினின் தலைமைக் கணக்கு) இல்லை, நான் வேலை செய்ய மாட்டேன்" என்று அதுவும் கையை விரித்துவிட்டது. லைவ் யுஎஸ்பி போட்டு மெஷினையே மறுபடி நிறுவ விடிந்துவிட்டது. அன்றிலிருந்து மைனஸ் ஆர் அடித்தால் என்டர் தட்டும் முன் வரியை விரல் வைத்து ஒருமுறை படிப்பேன்.

---

தங்கச்சிமடம்_ஸ்டுடியோ | செவ்வாய் இரவு 9.15

சார் போச்சு. எல்லாம் போச்சு.

உங்கள் பதிலுக்காகக் காத்திருந்தேன், வரவில்லை. கல்யாண வீட்டிலிருந்து மறுபடி போன். அண்ணனுக்குப் புது மெஷினில் கணக்குத் தொடங்கினேன், அவருக்கு 1001 விழுந்தது. சரி, இரண்டையும் இடம் மாற்றினால் முடிந்தது என்று ஃப்ரம் போட்டு நானே அடித்தேன். முதலில் 1001 ஆக இருப்பதை 1000 ஆக்கினேன். என் படம் திறந்தது, சந்தோஷம். பிறகு 1000 ஆக இருப்பதை 1001 ஆக்கினேன்.

இப்போது டிஸ்க்கில் இருப்பது அத்தனையும் 1001. எது என்னுடையது, எது அண்ணனுடையது என்று டிஸ்க்குக்கே தெரியவில்லை.

---

பாம்பன்_பையன் | செவ்வாய் இரவு 9.18

அண்ணே, முதல் வரியிலேயே ரெண்டும் கலந்துபோச்சு. ரெண்டு டம்ளரில் இருக்கிற டீயையும் காபியையும் மாற்றணும்னா மூணாவது டம்ளர் வேணும்ல.

---

மண்டபம்_ரிட்டயர்டு | செவ்வாய் இரவு 9.50

மன்னிக்க வேண்டும் தம்பி, மற்றவர்களுக்குப் பதில் எழுதிக்கொண்டே உங்களை மறந்துவிட்டேன். பையன் சரியாகச் சொன்னார். 1000-ஐ முதலில் யாருக்கும் இல்லாத 5000 ஆக்கி, 1001-ஐ 1000 ஆக்கி, கடைசியில் 5000-ஐ 1001 ஆக்கியிருக்க வேண்டும்.

நேற்று இரவு கெட்ஃபாக்ல் பட்டியல் எடுத்தீர்களா?

---

தங்கச்சிமடம்_ஸ்டுடியோ | செவ்வாய் இரவு 9.53

எடுத்தேன். ஹோமில் இருக்கிறது.

---

மண்டபம்_ரிட்டயர்டு | செவ்வாய் இரவு 9.56

அப்பாடா. டிஸ்க்கில் நேற்று எந்த ஃபோல்டரில் நின்று எடுத்தீர்களோ அதே இடத்தில் நில்லுங்கள். சூடோ செட்ஃபாக்ல், இரண்டு கோடு, ரீஸ்டோர் சமம் அந்தப் பட்டியல் ஃபைல். சூடோ அவசியம், ரூட் ஆக ஓடினால்தான் உரிமையாளர் எண்ணையும் திருப்பி வைக்கும்.

---

தங்கச்சிமடம்_ஸ்டுடியோ | செவ்வாய் இரவு 10.22

வந்துவிட்டது!! அண்ணன் 1000, நான் 1001, அந்த ஆறு கோடுகூட அப்படியே. கை நடுக்கம் இப்போதுதான் நின்றது.

இப்போது மூன்று டம்ளர் முறையில் மாற்றிவிடவா? ஒன்று சொல்ல மறந்தேன். அண்ணன் வீடு மண்டபத்தில். ஆல்பம் டிசைன் அவர் லேப்டாப்பில்தான் நடக்கும். வாரம் ஒருமுறை இந்த டிஸ்க் பாலம் தாண்டிப் போய் வரும். அந்த லேப்டாப்பிலும் மின்ட்தான், அதில் அண்ணன் மட்டும்தான்.

---

மண்டபம்_ரிட்டயர்டு | செவ்வாய் இரவு 10.45

இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே தம்பி!

அந்த லேப்டாப்பில் அண்ணன் 1000 ஆகத்தான் இருப்பார். டிஸ்க்கில் எண்களை மாற்றினால் இங்கே சரியாகும், பாலம் தாண்டியதும் அங்கே தலைகீழாகும். ஆகவே ஃபைலைத் தொட வேண்டாம், பதிவேட்டை மாற்றுவோம். புது மெஷினில் அண்ணனை 1000 ஆக்குங்கள், உங்களை 1001 ஆக்குங்கள்.

இதற்கும் மூன்றாவது டம்ளர் வேண்டும். அண்ணனுக்கு இன்று தொடங்கிய கணக்கில் ஒன்றும் இல்லையென்றால் அதை நீக்கிவிடுங்கள். தற்காலிகமாக ஒரு அட்மின் கணக்கு தொடங்கி அதற்கு நீங்களே 1100 என்று எண் கொடுங்கள், சும்மா விட்டால் அது 1001-ஐப் பிடித்துக்கொள்ளும். அதில் நுழைந்து: யூசர்மாட் -யு 1001 உங்கள் பெயர், அடுத்து குரூப்மாட் -ஜி 1001 உங்கள் குழு. முதலாவது உங்கள் ஹோமில் உள்ள ஃபைல்களின் உரிமையாளர் எண்ணைத் தானே மாற்றிவிடும். இரண்டாவது ஃபைல்களைத் தொடாது. அதனால் ஹோமுக்கு மட்டும் ஒரு சிஎச்ஓன் கடைசியில் அடித்துக்கொள்ளுங்கள். பிறகு அண்ணனுக்கு 1000 என்று சொல்லிக் கணக்கு தொடங்குங்கள். எல்லாம் முடிந்ததும் தற்காலிகக் கணக்கை நீக்கிவிடலாம்.

---

தங்கச்சிமடம்_ஸ்டுடியோ | புதன் காலை 8.20

யூசர்மாட் ஒத்துக்கொள்ளவில்லை. "இந்த ஆள் ஒரு ப்ராசஸில் இருக்கிறார்" என்று ஒரு எண்ணைக் காட்டுகிறது. நான் லாக்அவுட் செய்துவிட்டேனே.

---

பாம்பன்_பையன் | புதன் காலை 8.26

லாக்அவுட் பண்ணாலும் பின்னால் ஏதாவது ஓடிக்கிட்டு இருக்கும்ணே. ரீஸ்டார்ட் பண்ணிட்டு நேரா தற்காலிகக் கணக்கில் போங்க. உங்க கணக்கைத் தொடவே தொடாதீங்க.

---

தங்கச்சிமடம்_ஸ்டுடியோ | புதன் காலை 9.10

ரீஸ்டார்ட் செய்ததும் ஒரே அடியில் போய்விட்டது. என் ஃபோல்டர் திறந்தது, மூன்று கல்யாணமும் பத்திரம். அண்ணன் ஃபோல்டரில் இப்போது பார்க்க மட்டும்தான் முடிகிறது, அழிக்க முடியவில்லை. அதுதான் முறை.

இருவரும் சேர்ந்து வேலை செய்யும் ஆல்பம் ஃபோல்டருக்கு என்ன செய்வது?

---

மண்டபம்_ரிட்டயர்டு | புதன் காலை 9.45

ஸ்டுடியோ என்று ஒரு குழு தொடங்குங்கள், எண் 2000 என்று வையுங்கள், இரண்டு மெஷினிலும் *அதே* எண். இருவரையும் அதில் சேருங்கள். ஆல்பம் ஃபோல்டரின் குழுவை அதற்கு மாற்றி, உள்ளே உள்ள ஃபோல்டர்களுக்கு 2775 கொடுங்கள். முன்னால் உள்ள 2 இருந்தால் அதற்குள் யார் புது ஃபைல் வைத்தாலும் குழு தானாக ஸ்டுடியோ ஆகும். லாக்அவுட் செய்து மறுபடி வந்தால்தான் குழுவில் சேர்ந்தது செல்லும்.

---

தொண்டி_டீச்சர் | புதன் மதியம் 1.15

ஷிஃப்ட் அழுத்தி ஷட்டவுன் செய்தேன் சார், டிஸ்க் இப்போது எழுதுகிறது. காலாண்டுத் தேர்வு தப்பித்தது.

---

தங்கச்சிமடம்_ஸ்டுடியோ | புதன் இரவு 8.40

எல்லாம் ஓடுகிறது. சார், அந்தக் குப்பைத்தொட்டி விஷயம் மட்டும் பாக்கி. இன்று என் தொட்டி காலியாக இருக்கிறது, அந்தப் படங்கள் எங்கே போயின?

---

மண்டபம்_ரிட்டயர்டு | புதன் இரவு 8.58

டிஸ்க்கின் மேல் ஃபோல்டரில் கன்ட்ரோல்-எச் அழுத்திப் பாருங்கள், டாட்-ட்ராஷ்-1000 என்று மறைந்திருக்கும். தொட்டிக்கும் எண்தான் பெயர். 1000 நீங்களாக இருந்த இரண்டு நாளும் அண்ணன் குப்பை உங்களுக்குத் தெரிந்தது.

---

தங்கச்சிமடம்_ஸ்டுடியோ | புதன் இரவு 9.30

ஆமாம், இருக்கிறது. 60 ஜிபி! டிஸ்க் நிரம்புகிறது, இன்னொன்று வாங்கணும் என்று அண்ணன் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போன் போட்டு, காலி செய்துவிடவா என்று கேட்டேன். "அதில் நல்ல படம் இருக்கும்டா, தொடாதே, நான் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார்.